மேசானின் தடம்

நீலகிரியில் உதகமண்டலத்தை அடுத்து, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், விந்தையானதோர் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. வானத்திலிருந்து வருவனவற்றை ஆராய்வதே அதன் பணி. அங்கே மியூவான்களை எண்ணும் பகுதியில், ஆறு மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்கள், 3,700-க்கு மேற்பட்டவை, அடுக்கடுக்காகக் கிடத்தப்பட்டுள்ளன. அவற்றின் மீது காங்கிரீட்டுக் கட்டிகள் ஏறத்தாழ 2 மீட்டர் கனத்திற்குப் பரப்பப்பட்டிருக்கின்றன. வானத்தை ஆராய விரும்புவோர் கருவியை வெட்டவெளியில் வைப்பதன்றோ முறை? இவர்களோ கற்சுமையின் கீழே மறைத்து வைத்துள்ளனர். அதற்குக் காரணம் உண்டு. இவர்கள் எதிர்பார்க்கும் துகள் அத்தனை காங்கிரீட்டையும் ஊடுருவி வர வல்லது. ஏனைய துகள்களுட் பெரும்பாலானவை மேலேயே தடுக்கப்பட்டுவிடும்.

மியூவானைக் காண உதகைக்குச் செல்லவேண்டும் என்பதில்லை. இப்பாடத்தைப் படிக்கும்போதே உள்ளங்கையை வானோக்கி விரித்துப் பிடித்தால், விநாடிக்கு ஒன்றோ இரண்டோ மியூவான்கள் அதனூடே பாய்ந்து சென்றவண்ணம் இருக்கும். நமக்கு அது தெரிவதில்லை. இம்மியூவான்கள் எங்கிருந்து வருகின்றன? நம் தலைக்கு மேலே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில், விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் காற்றின் அணுக்களோடு மோதுகின்றன. அம்மோதலில் பையான் என்னும் மேசான்கள் பிறக்கின்றன. பிறந்த கணத்திலேயே சிதைந்தும் போகின்றன. சிதைந்த பையானின் எச்சமே மியூவான். மேசானைக் கையால் பிடித்து ஆராய ஒருவராலும் இயலாது. அது விட்டுச் சென்றதைக் கொண்டே அது இன்னதென்று உய்த்துணர வேண்டும். அங்ஙனம் உய்த்துணர்ந்த வரலாறே இப்பாடம்.

மேசான் என்னும் எண்ணம் முதலில் ஒரு தாளில் பிறந்தது. அணுவின் கருவில் புரோட்டான்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அவை யாவும் நேர்மின்னூட்டம் உடையவை. ஒத்த மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும். ஆயினும் கரு சிதறாமல் நிற்கின்றது. அதனைக் கட்டி நிறுத்தும் வலிய விசை யாது? 1935-ஆம் ஆண்டில், 28 வயதே நிரம்பிய ஹிடேகி யுக்காவா என்னும் ஜப்பானிய அறிஞர், அவ்விசையைத் தாங்கிச் செல்லும் துகள் ஒன்று இருத்தல் வேண்டும் என்று கணக்கிட்டுக் கூறினார். அது எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு நிறை உடையதாய் இருக்கும் என்றும் அவர் மதிப்பிட்டார். எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட நிறையுடையது ஆதலின், 'இடை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு மேசான் என்னும் பெயர் வந்தது.

ஈராண்டுக்குள்ளாகவே அமெரிக்காவில் ஆண்டர்சன், நெடர்மேயர் ஆகிய இருவர் அண்டக் கதிர்களில் அத்தகைய நிறையுடைய துகளைக் கண்டனர். யுக்காவா கூறியது கிடைத்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். அவ்வெண்ணம் பிழை என்பதை மெய்ப்பித்தவர் கான்வெர்சி, பான்சினி, பிச்சியோனி என்னும் இத்தாலிய இளைஞர் மூவர். இரண்டாம் உலகப்போரின்போது உரோம் நகரில் குண்டுகள் விழுந்தன. அவர்கள் தம் கருவிகளை ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறைக்குக் கொண்டுசென்று ஆராய்ச்சியைத் தொடங்கினர்; போர் முடிந்தபின் அதனை நிறைவு செய்து, 1947-இல் முடிவை வெளியிட்டனர். கருவைக் கட்டும் விசையைத் தாங்கும் துகளாயின், எதிர்மின்னூட்டமுடையது கரியின் அணுக்கருவை நெருங்கியவுடன் அதனால் விழுங்கப்படல் வேண்டும். அவர்கள் கண்ட துகளோ கருவைப் பொருட்படுத்தாமல் அதன் அருகே இருந்துகொண்டே, தன் காலம் முடிந்ததும் தானே சிதைந்தது. எனவே அது யுக்காவாவின் மேசான் அன்று. இன்று நாம் அதனையே மியூவான் என்கின்றோம். மேசான் குடும்பத்தில் அதனைச் சேர்ப்பதுமில்லை. அவ்வாறாயின் உண்மையான மேசான் எங்கே?

அதனைக் கண்டுபிடித்துக் கொடுத்த கருவி பெரிய இயந்திரம் அன்று, ஒளிப்படத் தகடு. கண்ணாடித் தகட்டின்மீது வெள்ளி புரோமைடுத் துகள் கலந்த பசைக்குழம்பு பூசப்பட்டிருக்கும். மின்னூட்டமுடைய துகள் அதனூடே செல்லும்போது வழியிலுள்ள மணிகளைத் தாக்கிச் செல்லும். தகட்டை உருத்துலக்கும் நீர்மத்தில் இட்டால், தாக்கப்பட்ட மணிகள் கரிய வெள்ளிப் புள்ளிகளாக மாறும். உருப்பெருக்கியால் நோக்கினால், எறும்பு சென்ற வழிபோல் புள்ளிகளால் ஆகிய தடம் ஒன்று தெரியும். விரைந்து செல்லும் துகள் புள்ளிகளை அருகலாக விட்டுச் செல்லும். வேகம் குறையக் குறையப் புள்ளிகள் நெருங்கும். நிற்குமிடத்தில் தடம் கறுத்துத் தடித்துவிடும். வேகம் குறைந்த துகள் எளிதில் அலைக்கழிக்கப்படுவதால், முடிவை நெருங்கும்போது தடம் வளைந்து நெளியவும் செய்யும். ஆதலின், துகள் எத்திசையில் வந்தது, எங்கே நின்றது, அதன் நிறை எவ்வளவு என்பனவற்றை எல்லாம் தடத்தை அளந்தே கூறலாம்.

இம்முறையைக் கொண்டு மேசானைத் தேடியவருள் முற்பட்டவர் இருவர் இந்தியரே. கல்கத்தாவிலுள்ள போஸ் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்த தே. மோ. போஸ் என்பாரும், அவரோடு பணியாற்றிய பிபா சௌதுரி என்னும் இளம்பெண்ணும் ஒளிப்படத் தகடுகளை டார்ஜிலிங்கிலும், 3,600 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ மலையுச்சியிலும் பல மாதங்கள் வைத்தெடுத்தனர். உயரம் மிகுந்த இடத்தில் அண்டக் கதிர்களைத் தடுக்கும் காற்று குறைவு. தகடுகளில் பதிந்த தடங்களை அளந்து, எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு நிறையுடைய துகள்களைக் கண்டதாக 'நேச்சர்' என்னும் ஆங்கில அறிவியல் இதழில் 1941, 1942 ஆகிய ஆண்டுகளில் எழுதினர். மேலும் நுணுக்கமாக அளக்க, இன்னும் கூருணர்வுடைய தகடுகள் தேவைப்பட்டன. போர்க்காலமாதலின் அவை கிடைக்கவில்லை. அவர்கள் முயற்சி அந்த அளவில் நின்றுபோயிற்று. தகடு கிடைக்காமையால் ஒரு பெரிய கண்டுபிடிப்பு கைநழுவியது என்று எண்ணும்போது நமக்கு வருத்தம் உண்டாகத்தான் செய்கின்றது. பிபா சௌதுரி பின்னர் மான்செஸ்டருக்குச் சென்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, இந்தியா திரும்பி அண்டக் கதிர் ஆராய்ச்சியையே வாழ்நாள் முழுதும் செய்தார். அவர் வாழ்ந்தபோது அவரைப் பலர் அறியார். 1991-இல் அவர் மறைந்தார். 2019-ஆம் ஆண்டில் ஒரு விண்மீனுக்குப் பிபா என்று பெயரிடப்பட்டது.

போர் முடிந்தபின் அதே முறையை இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரப் பல்கலைக்கழகத்தில் செசில் பவல் என்பவர் மேற்கொண்டார். இத்தாலியரான ஒக்கியாலினி, பிரேசில் நாட்டினரான இலாட்டெஸ் ஆகியோர் அவருக்குத் துணை நின்றனர். வெள்ளி புரோமைடு மிகுதியாகக் கலந்த புதிய தகடுகள் அவர்களுக்கு வாய்த்தன. ஒக்கியாலினி அவற்றைப் பிரான்சு நாட்டில் பிரனீஸ் மலைத்தொடரில் உள்ள 2,800 மீட்டர் உயரச் சிகரத்திற்கு எடுத்துச் சென்றார். பின்னர் இலாட்டெஸ் தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டுச் சக்கல்தாயா மலையில், 5,000 மீட்டருக்கும் மேலே, வேறு தகடுகளை வைத்தெடுத்தார்.

தகடுகள் வந்தபின்பே உண்மையான உழைப்பு தொடங்கியது. ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த தடங்களைத் தேடி, உருப்பெருக்கியின் கீழே தகட்டை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்க்கவேண்டும். குழம்பின் ஆழத்திலும் தடம் மேலும் கீழுமாகச் செல்லுமாதலின், ஒவ்வோரிடத்திலும் வில்லையை ஏற்றியும் இறக்கியும் நோக்கவேண்டும். இப்பணியைச் செய்தவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள் மரியெட்டா கூர்ஸ் என்னும் பெண்மணியே 1947-இல் முதன்முதலாக அந்த அரிய தடத்தைக் கண்டார். ஒரு துகள் குழம்பினுள் வந்து, வேகம் குறைந்து, தடம் கறுத்து நின்றுவிட்டது. அது நின்ற இடத்திலிருந்தே மற்றொரு தடம் வேறொரு திசையில் புறப்பட்டது. முதற்றடத்தின் முடிவு தடித்திருந்தது. இரண்டாவதன் தொடக்கம் மெலிந்திருந்தது. முதலாவது துகள் நின்று மடிய, அங்கிருந்து இரண்டாவது துகள் வேகத்தோடு பிறந்தது என்பது அதனால் விளங்கிற்று. சில நாட்களில் அத்தகைய தடம் மற்றொன்றும் அகப்பட்டது. சக்கல்தாயாவிலிருந்து வந்த தகடுகளில் மேலும் பல கிடைத்தன.

இத்தடங்களை அளந்தபோது ஒரு செய்தி யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது. இரண்டாவது துகளின் தடம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரே நீளமாக இருந்தது. அந்நீளம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். வெவ்வேறு மலைகளில், வெவ்வேறு நாட்களில் சிதைந்த துகள்கள் தம் எச்சங்களை ஒரே தொலைவுக்கு எறிவானேன்?

இதனை விளங்கிக்கொள்ள ஒரு தோணியை நினைத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் தோணியிலிருந்து ஒரு சிறுவன் கரைநோக்கிக் குதித்தால், தோணி எதிர்த்திசையில் பின்வாங்கும். சிறுவனின் எடையும், தோணியின் எடையும், குதிப்பதில் செலவான ஆற்றலும் மாறாதிருந்தால், அவன் வேகமும் தோணியின் வேகமும் ஒவ்வொரு முறையும் மாறாமலே இருக்கும். பங்கு கொள்வோர் இருவரே ஆதலின் பங்கில் வேறுபாட்டிற்கு இடமில்லை. தோணியில் சிறுவர் இருவர் இருந்து, ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் குதித்தாலோ, ஒருவன் மிகுதியாகவும் மற்றவன் குறைவாகவும் ஆற்றலைப் பெறலாம். ஒவ்வொரு முறையும் பங்கு மாறும். தகட்டிலுள்ள இரண்டாந் தடத்தின் நீளம் மாறாதிருந்ததால், மேசான் சிதையும்போது தோன்றுவன இரண்டே துகள்கள் என்பது உறுதியாயிற்று. ஆனால் தகட்டில் தெரிவது ஒன்றுதான். மற்றொன்று தடமின்றி மறைந்து போயிற்று. தடம் விடாததால் அதற்கு மின்னூட்டம் இல்லை என்பது பெறப்படும். அதுவே நியூட்ரினோ. காணாத ஒன்றின் இருப்பைக் கண்டதொன்றின் நீளத்தால் நிறுவிய இக்காரணமுறையை மாணவர் நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்வரும் ஆராய்ச்சிகள் பலவும் இதன் வழியே சென்றவை.

நின்றுபோன முதல் துகளே யுக்காவா கூறிய மேசான். அதற்குப் பையான் என்று பெயரிட்டனர். எலெக்ட்ரானைப்போல் 273 மடங்கு நிறை அதற்கு உண்டு. அதிலிருந்து பிறந்தது பழைய மியூவான்; அதன் நிறை 207 மடங்கு. யுக்காவாவுக்கு 1949-இலும் பவலுக்கு 1950-இலும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

'சிதைவு' என்னும் சொல் நம்மைச் சற்று மயக்கக் கூடியது. பானை உடைந்தால் அதன் ஓடுகள் முன்பே பானையில் இருந்தவை. பையானுக்குள் மியூவான் முன்பே அடங்கியிருந்தது என்று கருதலாகாது. பையான் முற்றிலும் மறைகின்றது. அதன் நிறை ஆற்றலாக மாற, அவ்வாற்றலிலிருந்து வேறு துகள்கள் புதியனவாய்த் தோன்றுகின்றன. மேலும், ஒரு தனிப் பையான் எப்போது சிதையும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பல்லாயிரம் பையான்களை நோக்கினால் அவற்றின் சராசரி ஆயுளை மட்டும் திட்டமாகக் கூறலாம். மின்னூட்டமுடைய பையானின் சராசரி ஆயுள், ஒரு விநாடியை 10 கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ இரண்டரைக் கூறு. மியூவானின் ஆயுள் ஒரு விநாடியின் 10 இலட்சம் கூறுகளில் 2.2 கூறு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அந்நேரத்தில் 660 மீட்டரே செல்லலாம். பத்துக் கிலோமீட்டருக்கு மேலே பிறந்த மியூவான் நம் உள்ளங்கையை வந்தடைவது எவ்வாறு? மிக விரைந்து செல்லும் பொருளுக்குக் காலம் மெதுவாகக் கழிகின்றது என்று ஐன்ஸ்டைன் கூறினாரன்றோ? அக்கூற்றுக்கு நம் கையினூடே பாயும் மியூவான்களே சான்று.

பையானைக் கண்ட அதே 1947-ஆம் ஆண்டில், மான்செஸ்டரில் ராச்செஸ்டர், பட்லர் என்னும் இருவர் வேறொரு வியப்பை வெளியிட்டனர். அவர்கள் கையாண்டது முகில் அறை. ஈரம் நிறைந்த அவ்வறையில் துகள் சென்ற வழியே நுண்ணிய நீர்த்துளிகள் வரிசையாகப் படியும். அவர்கள் எடுத்த படங்கள் ஏறத்தாழ 5,000. அவற்றுள் இரண்டே இரண்டில், இதுவரை கண்டிராத ஒரு கவட்டை வடிவம் தெரிந்தது. பையானைவிடப் பெரிய, எலெக்ட்ரானைப்போல் ஆயிரம் மடங்குக்குச் சற்றே குறைந்த நிறையுடைய புதிய மேசானின் சிதைவு அது. இவ்வினத்தைக் கேயான் என்பர். அதன்பின் ஈராண்டுகள் அவர்களுக்கு அத்தகைய படம் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஈராண்டும் அவர்கள் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கேயான் இயற்பியலாரைப் பெருங்குழப்பத்தில் ஆழ்த்தியது. மின்னூட்டமுடைய ஒருவகைக் கேயான் இரண்டு பையான்களாகச் சிதைந்தது; மற்றொருவகை மூன்று பையான்களாகச் சிதைந்தது. இரண்டும் வெவ்வேறு துகள்கள் என்று கருதித் தனித்தனிப் பெயர் சூட்டினர். ஆனால் நிறையை அளந்தால் இரண்டும் ஒன்று. ஆயுளை அளந்தால் அதுவும் ஒன்று. ஒரே துகள்தான் என்று சொல்லவும் இயலவில்லை. ஏனெனில், இயற்கை இடத்திற்கும் வலத்திற்கும் வேறுபாடு காட்டாது என்னும் விதி அதற்குத் தடையாக நின்றது. ஓர் இடம்புரிச் சங்கைக் கண்ணாடியின் முன் பிடித்தால் உள்ளே தெரிவது வலம்புரி. வலம்புரி அரிதெனினும் உலகில் இல்லாததன்று. அதுபோலக் கண்ணாடியில் தோன்றும் எந்த நிகழ்ச்சியும் உலகிலும் நிகழக்கூடியதே என்பதுதான் அவ்விதியின் கருத்து. இதனை இடவல ஒப்புமை எனலாம். 1956-இல் சீனாவிற் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய லீ, யாங் என்னும் இளைஞர் இருவர் பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் துருவிப் பார்த்தனர். சிதைவுகளை உண்டாக்கும் மெலிந்த விசைக்கு இவ்விதி பொருந்துமா என்று ஒருவரும் சோதித்ததே இல்லை என்பது தெரியவந்தது! எல்லாரும் நம்பியதை எவரும் சோதிக்கவில்லை.

1957-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சோதனைகள் நடந்தன. ஊ என்னும் அம்மையார் கோபால்ட்டு அணுக்களைக் கடுங்குளிரில் ஆழ்த்திச் சோதித்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கார்வின், லெடர்மன், வைன்ரிச் ஆகியோர் பையானிலிருந்து பிறக்கும் மியூவான்களைச் சோதித்தனர். இரண்டிலும் முடிவு ஒன்றே: விதி பொருந்தவில்லை. நியூட்ரினோ எப்போதும் இடம்புரியாகவே சுழல்கின்றது. வலம்புரி நியூட்ரினோவை யாரும் கண்டதில்லை. இரண்டு கேயான்களும் ஒன்றே என்னும் முடிவுக்கு வரத் தடை ஏதும் இல்லாமற் போயிற்று.

இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவரைக் கூறாமல் விடலாகாது. கேரளத்திற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற ஜார்ஜ் சுதர்சன், அந்நாளில் அமெரிக்காவில் மார்ஷக் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். மெலிந்த விசை எவ்வடிவம் உடையது என்பதற்கு அவ்விருவரும் 1957-இல் ஒரு கொள்கையை வகுத்தனர். அதன்படி பையான் மியூவானாக மட்டுமன்றி எலெக்ட்ரானாகவும் சிதைதல் வேண்டும். ஆனால் மிக அரிதாக, ஏறத்தாழ 8,000 சிதைவுகளுக்கு ஒருமுறையே அது நிகழும். எலெக்ட்ரான் இலேசானது ஆதலின் அதுவே எளிதாகப் பிறக்கும் என்று தோன்றலாம். ஆனால் பையானுக்குச் சுழற்சி இல்லை. பிறக்கும் இரண்டின் சுழற்சியும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். நியூட்ரினோ இடம்புரியாகவே இருக்குமாதலின், உடன்பிறக்கும் துகள் தன் இயல்புக்கு மாறான புரியை ஏற்க நேர்கின்றது. மெதுவாகச் செல்லும் மியூவான் அதற்கு ஓரளவு இணங்கும். ஒளியை ஒட்டிய வேகத்தில் செல்லும் எலெக்ட்ரான் இணங்குவது மிக அரிது. இதுவே காரணம்.

அப்போது வெளிவந்திருந்த சோதனைகள் இச்சிதைவைக் காணவே இல்லை என்றன. வேறு மூன்று சோதனைகளும் கொள்கைக்கு முரணாக இருந்தன. ஆராய்ச்சிப் பட்டத்தை அப்போதுதான் எட்டிய ஓர் இளைஞர் என்ன செய்திருப்பார்? கொள்கையைக் கைவிடுவதே இயல்பு. சுதர்சனும் மார்ஷக்கும் அந்நான்கு சோதனைகளையும் மறுபடி செய்து பார்க்கவேண்டும் என்று துணிந்து கூறினர். 1958-இல் ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் பையான் எலெக்ட்ரானாகச் சிதைவது கண்டுபிடிக்கப்பட்டது. ஏனைய மூன்றும் அவ்வாறே திருத்தம் பெற்றன. ஃபெயின்மன், கெல்மன் ஆகியோரும் அதே கொள்கையைத் தனியே வெளியிட்டதனால் புகழின் பெரும்பகுதி நெடுங்காலம் அவர்களையே சார்ந்தது. சுதர்சனுக்கு அதில் மனக்குறை இருந்தது.

இடமும் வலமும் ஒவ்வாமற் போனபின், அறிஞர்கள் மற்றோர் ஒப்புமையைப் பற்றிக்கொண்டனர். ஒவ்வொரு துகளுக்கும், மின்னூட்டம் மாறுபட்ட எதிர்த்துகள் ஒன்று உண்டு. நியூட்ரினோ இடம்புரியானால், எதிர் நியூட்ரினோ வலம்புரி. ஆகவே கண்ணாடியில் இடவலத்தை மாற்றுவதோடு, துகளையும் எதிர்த்துகளாக மாற்றிவிட்டால் ஒப்புமை மீண்டும் நிறைவுறுகின்றது அன்றோ? இதனால் யாவரும் மன அமைதி அடைந்தனர். அந்த அமைதி ஏழாண்டுகளே நீடித்தது.

மின்னூட்டமற்ற கேயான்களில் இரு வகை உண்டு. ஒன்றின் ஆயுள் மிகக் குறுகியது; ஒரு விநாடியை ஆயிரம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறும் நிறையாது. அது இரண்டு பையான்களாகச் சிதையும். மற்றது அதனைப்போல் 500 மடங்குக்கு மேல் நெடிது வாழ்வது. புதிய ஒப்புமை உண்மையானால், நெடிது வாழும் கேயான் ஒருபோதும் இரண்டு பையான்களாகச் சிதையக் கூடாது. 1963-இல் அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடத்தில் கிரோனின், ஃபிட்ச், கிறிஸ்டென்சன், துர்லே ஆகிய நால்வர் இதனைச் சோதித்தனர். கேயான்கள் பிறக்குமிடத்திலிருந்து 17 மீட்டர் தள்ளித் தம் கருவியை வைத்தனர். அவ்வளவு தொலைவு வருவதற்குள் குறுகிய ஆயுளுடையவை யாவும் மடிந்தொழியும். வந்து சேர்வன நெடிது வாழ்பவையே. அவை சிதையும் வெளியில் காற்றணுக்களோடு மோதிப் பொய்ச்சான்று தோன்றாதவாறு, அங்கே ஹீலியம் நிரம்பிய பெரிய பை ஒன்றை வைத்தனர். இருபுறமும் காந்தங்களும் தீப்பொறி அறைகளும் இருந்து, வெளிவரும் துகள்களின் வழியைப் படம் பிடித்தன.

அவர்கள் கையாண்ட காரணமுறை பிரிஸ்டல் தகட்டில் நாம் கண்டதே. பிறந்தவை இரண்டு பையான்கள் மட்டுமே ஆனால், அவற்றின் உந்தங்களைக் கூட்டினால் கேயான் வந்த திசையோடு இம்மியும் பிசகாமல் பொருந்தவேண்டும். மூன்றாவது ஒன்று மறைந்து சென்றிருந்தால் திசை பிசகும். ஏறத்தாழ 22,700 சிதைவுகளை அளந்தனர். அவற்றுள் 45 மட்டும் பிசகாமல் பொருந்தின. ஆயிரத்துக்கு இரண்டு! இத்துணைச் சிறு எண்ணை அளவைப் பிழை என்று ஒதுக்கிவிடுவது எளிது. பொய்த்தோற்றம் தரக்கூடிய வேறு காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து விலக்கி, ஏறத்தாழ ஓராண்டு கழித்து 1964-இல் முடிவை வெளியிட்டனர். பலர் அதனை ஏற்கத் தயங்கினர். வேறிடங்களிலும் செய்து பார்த்தபோது அதே விடை வந்தது. கிரோனினுக்கும் ஃபிட்சுக்கும் 1980-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆயிரத்தில் இரண்டு என்பதற்கு இத்தனை ஆரவாரம் ஏன் என்று கேட்கலாம். பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஒளியாகும். அண்டம் தோன்றிய தொடக்கத்தில் இரண்டும் சம அளவில் இருந்தன என்றே கொள்கின்றனர். அவை முற்றும் சமமாகவே நடந்துகொண்டிருந்தால், யாவும் அழிந்து ஒளி மட்டுமே எஞ்சியிருக்கும். ஞாயிறும் இல்லை, நிலமும் இல்லை, இப்பாடத்தைப் படிக்க நாமும் இல்லை. ஏறத்தாழ 100 கோடிக்கு ஒன்று என்னும் அளவில் பொருள் எஞ்சியது. அந்த ஒன்றே இவ்வுலகம். அங்ஙனம் எஞ்சுவதற்குப் பொருளும் எதிர்ப்பொருளும் சிறிதேனும் மாறுபட்டு நடத்தல் இன்றியமையாதது என்று 1967-இல் சோவியத்து நாட்டு அறிஞர் சகாரவ் எடுத்துக்காட்டினார். கேயானின் 45 சிதைவுகள் காட்டிய வேறுபாடு அத்தகையதே.

மேசான் என்பது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது என இன்று அறிவோம். 1973-இல் ஜப்பானில் கொபயாஷி, மஸ்கவா என்னும் இருவர், குவார்க்குகள் ஆறு வகையாயின் இவ்வேறுபாடு தானே விளையும் என்று கணக்கிட்டனர். மூன்று வகைகளுக்கே சான்று இருந்த காலம் அது. பின்னர் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக அகப்பட்டன. ஐந்தாவது வகை குவார்க்கைக் கொண்ட பி-மேசானில் வேறுபாடு பெரிதாகத் தெரியவேண்டும். ஆனால் அதன் ஆயுள், ஒரு விநாடியின் இலட்சம் கோடிக் கூறுகளில் ஒன்றரைக் கூறு. எந்தக் கடிகாரம் அதனை அளக்கும்? ஜப்பானில் சுகுபா நகரில் ஒரு சூழ்ச்சி செய்தனர். எலெக்ட்ரான்களையும் எதிர் எலெக்ட்ரான்களையும் சம ஆற்றலோடு மோதவிடாமல், ஒன்றுக்கு மற்றதனினும் இருமடங்குக்கு மேல் ஆற்றல் கொடுத்து மோதவிட்டனர். பிறந்த பி-மேசான்கள் மோதிய இடத்திலேயே நில்லாமல் ஒரு திசையில் பாய்ந்து, 0.2 மில்லிமீட்டர் சென்று சிதைந்தன. காலத்தை அளக்க இயலாத இடத்தில் நீளத்தை அளந்தனர்! அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு நகரிலும் அவ்வாறே செய்தனர். 2001-ஆம் ஆண்டில் இருசாராரும் பி-மேசான் தன் எதிர்மேசானினின்றும் மாறுபட்டுச் சிதைவதைக் கண்டறிந்தனர். கொபயாஷிக்கும் மஸ்கவாவுக்கும் 2008-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சுகுபாவின் கருவி புதுப்பிக்கப்பெற்று 2019 முதல் மீண்டும் சிதைவுகளைத் திரட்டத் தொடங்கியது. பல நாட்டார் கூடிச் செய்யும் அப்பணியில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் பங்கு கொண்டுள்ளனர். செர்ன் கூடத்திலும் பி-மேசான்களுக்கெனவே தனிக் கருவி ஒன்று அமைந்துள்ளது. அங்கே 2019-இல் நான்காவது வகை குவார்க்குள்ள மேசானிலும் இவ்வேறுபாடு வெளிப்பட்டது. கண்டறிந்த வேறுபாடுகளை எல்லாம் ஒன்றுகூட்டிக் கணக்கிட்டுப் பார்த்தாயிற்று. இவ்வுலகில் எஞ்சியுள்ள பொருளின் அளவை விளக்க அவை போதா. மிகப் பெரிய அளவில் குறைகின்றன. எஞ்சிய வேறுபாடு எங்கே மறைந்திருக்கின்றது என்று இன்றும் தடங்களை அளந்து தேடிக்கொண்டிருக்கின்றனர்.